மேஜைக்கு அடியில் கேட்ட கேள்வி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டெல்லியில் நிலம் அசைந்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். பிறகு கொக்கியில் தொங்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. ஜன்னல் கண்ணாடி தடதடவென்று அதிர்ந்தது. லோதி ரோட்டுப் பக்கம் பழைய அரசுக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கணவர் பால் வாங்கக் கீழே போயிருந்தார். வீட்டில் நானும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளும்தான்.

நான் ஓடவில்லை. தோசைத் திருப்பியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அம்மா! நீச்சே ஆவோ! கீழ வா, ஜல்தி!"

மகள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தாள். நான் அசையாததைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "கேஸ் ஆஃப் பண்ணும்மா!" என்று கத்தினாள். அடுப்பை அணைத்தேன். அவள் இழுத்த இழுப்புக்குப் போய் மேஜைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தேன். அவளுடைய சின்னக் கை என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது.

"தலைய இப்பிடி மூடிக்கணும். ஸ்கூல்ல மேம் சொன்னாங்க."

ஆட்டம் சீக்கிரமே நின்றுவிட்டது. ஆனாலும் அவள் என்னை எழ விடவில்லை. இன்னொரு தடவை வரும், காத்திருக்க வேண்டும் என்றாள். அப்படிக் காத்திருந்தபோதுதான் கேட்டாள்:

"உனக்கு இதெல்லாம் உங்க அம்மா சொல்லித் தரலையா?"

என் அம்மா மீன் விற்றவள். கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். சுனாமி வந்த காலையில் எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் அம்மாவோடு கரைக்குப் போயிருந்தேன். கடல் உள்ளே போனதும், துள்ளிக்கொண்டு கிடந்த மீன்களைப் பொறுக்கப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கி ஓடினோம். அது அபாயம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பெரியவர்களுக்கும் யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு எப்படியோ மனசில் தட்டியிருக்கிறது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"மேட்டுக்கு ஓடு புள்ள! திரும்பிப் பாக்காத, ஓடு!"

ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இன்னும் கீழேயே நின்றதால் அவர்களைக் கூப்பிட அம்மா மறுபடி இறங்கினாள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அதன் பிறகு நான் வளர்ந்தது ஒரு விடுதியில். என்னைப் போன்ற பெண் பிள்ளைகள் அங்கே நிறைய இருந்தோம். ராத்திரியில் பக்கத்தில் படுத்தவளின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவோம். எங்களைப் பார்த்துக்கொண்டவர் விருத்தாசலத்திலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளம்பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் மாதங்களில் கேமராவோடு யார் யாரோ வந்தார்கள். அலை எப்படி வந்தது, அம்மா எப்படிப் போனாள் என்று எங்களைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னால் பிஸ்கட் கிடைக்கும். ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் பாவாடையை நனைத்துவிட்டேன். மறுநாள் அக்கா கேட்டிலேயே நின்றுகொண்டார்.

"புள்ளைங்க படிச்சிட்டிருக்குதுங்க. கதை கேக்கணும்னா வேற எங்கயாச்சும் போய்க் கேளுங்க சார்."

அப்புறம் எங்களை யாரும் கேட்கவில்லை. நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தேன். இங்கே என் தமிழைக் கேட்டு எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் கடலூர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கணவருக்கு விஷயம் தெரியும், விவரம் தெரியாது. மகளுக்கு எதுவுமே தெரியாது. பயந்துவிடுவாள் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மேஜைக்கு அடியில் அன்று சொன்னேன். கடல் போனதையும், மீன் பொறுக்கியதையும், அம்மா தள்ளிவிட்டதையும் மட்டும். மகள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எப்பிடிச் சொன்னாங்க? அதே மாதிரி சொல்லு."

சொன்னேன். மேட்டுக்கு ஓடு புள்ள, திரும்பிப் பாக்காத. வாயிலிருந்து வந்தது ஆபீஸில் ஃபைல் கேட்கும் என் குரல். அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என்னிடம் இருக்கிறது. அவள் குரல் மட்டும் எப்போதோ போய்விட்டது. அது கனமா, கீச்சென்று இருக்குமா, எதுவும் நினைவில்லை. வீட்டோடு எல்லாம் போனதில் ஒரு போட்டோவும் மிஞ்சவில்லை. போட்டோ இல்லாதது பழகிவிட்டது. குரல் இல்லாதது பழகவே இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வாங்கப் போகும்போது விலை கூவும் பெண் குரல் எதையாவது கேட்டால் நின்றுவிடுவேன். பெரும்பாலும் இந்திக் குரலாகத்தான் இருக்கும். இருந்தாலும் நிற்பேன்.

கீழேயிருந்து கணவர் எங்களைக் கூப்பிடுவது கேட்டது. இறங்கிப் போனோம். பார்க்கில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் நைட்டியும் லுங்கியுமாகக் கூடி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் அப்பாவிடம், அம்மா ஸ்டாச்சு மாதிரி நின்றுவிட்டதாகப் புகார் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கைவைத்து, "ஒண்ணும் ஆகலேல்ல?" என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது விருத்தாசலத்தில் மகனோடு இருக்கிறார். பொங்கலுக்குப் பேசுவோம், பிறந்தநாளுக்குப் பேசுவோம். டெல்லியில் ஆட்டம் என்று டிவியில் பார்த்துப் பதறிப்போயிருந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, மகள் கேட்டதையும் அம்மா குரல் நினைவுக்கு வராமல் நான் திணறியதையும் சொன்னேன். அக்கா திருப்பிக் கேட்டார்:

"நீ வந்த புதுசுல தூக்கத்துல பேசுவ, தெரியுமா?"

"தெரியாதேக்கா."

"ஓடு ஓடுன்னு அதட்டுவ. அது உன் குரல் மாதிரியே இருக்காதுடி. பெரிய பொம்பள ஒருத்தி கூப்புடுற மாதிரி இருக்கும். மொத தடவ கேட்டப்ப யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு வெளக்கப் போட்டுப் பாத்தேன். அப்புறம் ஒரு வருசத்துல நின்னுபோச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "எப்பிடி இருக்கும்? ஒரு தடவ சொல்லிக் காட்டுங்கக்கா."

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஓடு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி முயன்றார்.

"எனக்கு வரலடி. கேட்டா இதுதான்னு சொல்லிருவேன். வாயில வரமாட்டேங்குது."

பரவாயில்லைக்கா என்றேன். அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, பாதி இந்தியும் பாதித் தமிழுமாகத் தான் என்னைக் காப்பாற்றிய கதையை அவருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அக்கா உச்சுக் கொட்டிக் கேட்பது எனக்கும் கேட்டது.

கோடை லீவுக்கு விருத்தாசலம் போக டிக்கெட் போட்டிருக்கிறோம். அங்கிருந்து கடலூர் பக்கம்தான். கடலைப் பார்க்க வேண்டும் என்று மகள் தினமும் கேட்கிறாள். லீவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் எண்ணிச் சொல்கிறேன்.