டூப்ளிகேட் மேஜர்

"பாய், மேஜர் ஐயா போயிட்டாரு" என்று செல்வம் போன் செய்தார். "யாரு, டூப்ளிகேட் மேஜரா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். செல்வம் சிவகங்கைக்காரர், மேஜர் ஹார்வி போய்வந்த கிளப்பில் பரிமாறுகிறவர். மேஜரை அந்தப் பட்டப்பெயரால் அழைத்த நம் ஆட்களுக்கு அது எங்கே பிறந்தது என்று தெரியாது. ஷார்ஜாவில், என் தையற்கடையில், என் வாயிலிருந்து பிறந்தது.

முதல் தடவை அவர் ஒரு மிட்டாய் டப்பாவோடு வந்தார். உள்ளே ஐந்து பதக்கங்கள், ஒவ்வொன்றும் இருபத்தைந்து ஃபில்ஸ் காசு அளவு. நைந்துபோன நாடாக்களை மாற்றி, ஒரே வரிசையாகத் தைத்துத் தரவேண்டும். "பெரியவை வீட்டில் இருக்கின்றன, பகல் அணிவகுப்புக்கு. இந்தச் சின்னவை விருந்துக்கு. பெரியதைக் குத்திக்கொண்டு குனிந்தால் சூப்பில் விழும்" என்றார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் குதிரைப்படையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். குதிரை எங்கே சார் என்று கிண்டல் செய்தால், "பெயரில்தான் குதிரை. நான் விழுந்ததெல்லாம் டாங்கியிலிருந்து" என்பார். ஓமன் மலையில் கண்ணிவெடியில் சிக்கிய வண்டியிலிருந்து இரண்டு பலூச்சி சிப்பாய்களை இழுத்துப்போட்டதற்கு ஒரு பதக்கம். நான் பாராட்டியபோது, "வண்டியில் மூன்று பேர் இருந்தார்கள்" என்றார்.

தைத்து முடித்துக் கண்ணாடி மேசைமேல் வைத்திருந்தேன். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த கிளப் செயலாளர், "இதெல்லாம் அசலா?" என்றார். தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை. "நோ சார், டூப்ளிகேட்" என்றேன். அசல் வீட்டில் இருக்கிறது, இது அதன் சிறிய பிரதி என்றுதான் மனதில். ஆனால் வாட்சும் அத்தரும் விற்கிற நம் கடைத்தெருவில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா?

கிளப் விருந்துக்கு மறுநாள் மேஜர் வந்து டப்பாவை மேசைமேல் வைத்தார். "சான்றிதழ் கேட்கிறார்கள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்" என்று என் முகத்தையே பார்த்தார். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது. "இது உன்னிடமே இருக்கட்டும்" என்று டப்பாவை விட்டுப் போனார். அதன்பின் இந்த நான்கு வருடமும் கிளப் பக்கமே போகவில்லை. பட்டப்பெயர் முவைலாவில் நம் ஆட்கள் தங்கும் அறைகள்வரை பரவியது. கிளப் ஊழியர்களின் சீருடை முழுவதும் என் கடையில்தான் தைத்தார்கள். செயலாளரைப் பகைத்துக்கொள்ளப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். மேஜர் மட்டும் வழக்கம்போலக் கால்சட்டை தைக்க வந்தார், என் கடைச் சுலைமானி டீயைக் குடித்தார், போனார்.

மேஜர் இறந்த செய்தி வந்த அன்று, போனிலேயே செல்வத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செல்வம் சொன்னார்:

"ஐயாவுக்கு அன்னிக்கே தெரியும் பாய். நான்தான் சூப் வெச்சுக்கிட்டிருந்தேன். 'உன் டெய்லரே டூப்ளிகேட்னு சொல்றான்'னு செக்ரட்டரி எல்லார் முன்னாடியும் சொன்னாரு. இவரு, 'என் டெய்லர் பொய் சொல்ல மாட்டான்'னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"ஏன்யா என்கிட்ட சொல்லலே?"

"நீங்களே போயி சொல்லுவீங்கன்னு இருந்தேன் பாய்."

விருந்தின் மறுநாள் மேஜர் கடைக்கு வந்தது முறையிட அல்ல. நான் வாய் திறக்க ஒரு வழி விட்டுப் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவர் மகன் டப்பாவை வாங்க வருகிறார். செயலாளரையும் வரச் சொல்லியிருக்கிறேன். இருவர் முன்னாலும் சொல்லிவிடுவேன். அந்தப் பெயரால் அவரை அழைத்த உங்களுக்கு இப்போதே சொல்கிறேன்: மேஜர் அசல். டப்பா போனபின் அவருடையதாக என்னிடம் மிஞ்சுவது, என் டெய்லர் பொய் சொல்ல மாட்டான் என்ற அந்தப் பேச்சு ஒன்றுதான். அதை மெய்யாக்கிக்கொள்ள அவர் எனக்கு நான்கு வருடம் கொடுத்திருந்தார்.