கவிழ்த்து வைத்த தட்டு

உள்ளறையில் தொலைபேசி மறுபடியும் அலறியது. காலையிலிருந்து இது ஒன்பதாவது முறை.

"வணக்கம், உறுப்பினர் அலுவலகம்... ஆமாங்க... இல்லைங்க, அது தவறுதலா போன வரி. ஐயாவோட கருத்து இல்லை... தவறுதலாதாங்க. மறுப்புக் கடிதம் வரும், கண்டிப்பா வரும்."

முன்னறையில் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அந்த ஒரு சொல்லை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான். அழைப்புக்கு இரண்டு 'தவறுதலா' வீதம் இதுவரை பதினெட்டு. ஒவ்வொன்றும் தலையில் நறுக்கென்று குட்டுவது போலிருந்தது. குட்டுப்படுவது தான்தான் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் பெரிய வேதனை.

அவனுக்கு இருபது வயது. கல்லூரியில் அவனுக்குப் பெயர் 'கிழவன்'. மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, வழித்து வாரிய தலை, எதையாவது மாற்றலாம் என்று யார் சொன்னாலும் "இருக்கிறதுக்கு என்ன குறை?" என்று கேட்கிற வாய். விடுமுறை விட்டதும் மற்றப் பிள்ளைகள் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். கிழவன் மட்டும் பழமைவாதக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் சம்பளமில்லாத பயிற்சிக்குச் சேர்ந்தான். இரண்டு மாதம் ஓடிவிட்டது. இன்னும் நான்கே நாள்.

அந்தக் கட்சி மேல் அவனுக்குப் பற்று வந்தது சும்மா இல்லை. அவன் அப்பா பூட்டு ரிப்பேர்க்காரர். ஒரு கதவு அகலத்தில் ஒரு கடை. கிழவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, அகலச் சாலை போட வேண்டும் என்று அந்தத் தெருவையே இடிக்கத் திட்டம் வந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் வளர்ச்சி, வளர்ச்சி என்றார்கள். இந்த உறுப்பினர் ஒருவர்தான் நேரில் வந்தார். இரண்டு பேர் நிற்க இடமில்லாத கடைக்குள் குனிந்து நுழைந்து, "இந்தத் தெரு இப்படியே இருக்கட்டும்" என்றார். தெரு இருந்தது. அன்றிலிருந்து எட்டு வருடமாக அப்பா அவருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். அப்பாவின் அந்த விசுவாசத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை வேறு எந்தப் பக்கம் போவான்?

ஆனால் அவனுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை யாரும் ஊட்டவில்லை. அவன் மனம் ஒரு பையனிடம் போயிருந்தது. கல்லூரி நூலகத்தில் பகுதிநேரமாகப் புத்தகம் அடுக்குகிறவன். இருவருக்கும் ஒரு வருடப் பழக்கம், ஒரு வருடக் காதல், ஒரு வருடச் சண்டை.

"டேய் கிழவா, உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துற வீட்டுக்கு நீயே வாட்ச்மேன் வேலை பார்க்கிற. உன்னையெல்லாம் என்னன்னு சொல்றது?" என்பான் நூலகத்துக்காரன்.

"அது என் வீடும்தான்டா."

"அப்ப போய் உங்க ஐயாகிட்ட சொல்லு பார்ப்போம், நான் யாருன்னு."

சொல்லவில்லை. ஐயாவிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. இங்கே ஒன்றை மறைத்து, அங்கே மற்றொன்றுக்குச் சமாதானம் சொல்லி, இருபது வயதிலேயே அறுபது வயதுக் களைப்பு அவனுக்கு வந்துவிட்டது. பட்டப்பெயர் பலித்துவிட்டது, பாவம்!

அந்த அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் போட ஒரு முறை உண்டு. ஒவ்வொரு விஷயத்துக்கும் எண் போட்ட ஒரு பத்தி தயாராக இருக்கும். சாலைக்கு மூன்றாம் பத்தி, தண்ணீருக்கு ஐந்தாம் பத்தி. வந்த கடிதத்தைப் பார்த்து, எண்ணைத் தட்டினால் பதில் அச்சாகிவிடும். உறுப்பினரின் கையெழுத்தும் அதிலேயே விழுந்துவிடும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் செய்துகொள்ள வழிவிடும் மசோதா வந்தபோது, அதை எதிர்க்கச் சொல்லிக் கடிதங்கள் குவிந்தன. அதற்குப் பத்தி இல்லை.

"உனக்கு எழுத்து நல்லா வருது தம்பி. பதினேழாம் பத்தியை நீயே எழுதிடு" என்றார் செயலாளர். ஐம்பது வயதுக்காரர், அலுவலகம் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.

எழுதினான். உறுப்பினர் இந்த மசோதாவை ஆதரிக்க மாட்டார் என்பதை யார் மனமும் நோகாமல் மூன்று வரியில் எழுதினான். அது அவர் கொள்கை. அதை மாற்ற இவன் யார்? எழுதி முடித்த பிறகு, கை சும்மா இருக்கவில்லை. நான்காவதாக ஒரு வரி விழுந்தது.

'உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்காகக் கவிழ்த்து வைத்த தட்டை மேசையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். குடும்பத்தைக் காக்கப் பாடுபடும் இந்தக் கட்சி அப்படிச் செய்யச் சொல்லவில்லை.'

அக்கா முதல் வரியைப் படித்தார், கடைசியில் பெயர் சரியா என்று பார்த்தார், அனுப்பச் சொல்லிவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். முகவரிச் சீட்டுகளை அவனே உரித்து உரித்து ஒட்டினான். நூறைத் தாண்டியபின் எவன் கண் பெயரைப் படிக்கும்?

பத்து நாளில் பூகம்பம் வந்துவிட்டது.

இப்போது தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா முன்னறைக்கு வந்தார். காதைத் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் விழுந்தார்.

"திட்டுறவங்களைக்கூடச் சமாளிச்சிடலாம் தம்பி. நன்றி சொல்றவங்களை என்ன பண்றது? ஒரு அம்மா அப்படி அழுதுச்சு. நான் 'தவறுதலா'ன்னு சொன்னதும் வச்சிடுச்சு."

அவன் அடுக்கிய உறைகளையே மறுபடி தட்டிச் சீராக்கினான்.

"நீ சின்னப்பையன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பே, கவனிக்காம விட்டிருப்பே. ஐயாகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். இந்தா, மறுப்பு." ஒரு தாளை நீட்டினார். 'அந்த வரி தவறுதலாக இடம்பெற்றுவிட்டது.' "பட்டியல்ல இருக்கிற அத்தனை பேருக்கும் இன்னிக்கே போகணும். அப்புறம் இதையும் பார்த்துக்கோ."

கையெழுத்துக்குப் போகும் கோப்பைத் திறந்து காட்டினார். மேலாக இருந்தது அவனுடைய பரிந்துரைக் கடிதம். படிப்பு முடிந்ததும் தலைமை அலுவலகத்தில் ஒரு வருட வேலை. எட்டு வருடமாக அவன் கண்ட கனவு ஒரு தாளில் படுத்திருந்தது.

"அக்கா, 'உறுப்பினரின் கருத்து அல்ல'ன்னு மட்டும் போட்டா போதாதா? 'தவறுதலாக' எதுக்கு?"

"அப்ப வேணும்னே எழுதினியான்னு கேப்பாங்கடா! அடி, அடி. நேரமில்லை."

அவன் தட்டச்சுப் பலகையில் விரலை வைத்தான். ஆமாம், கையெழுத்து ஐயாவுடையது. அவர் மறுக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டால், தன்னையே தவறுதலாகப் பிறந்தவன் என்று அடித்துக் கொடுப்பதாக ஆகிவிடுமே! விரல் நகரவில்லை.

அப்போது வாசல் கதவு தரையில் உரசிக்கொண்டு திறந்தது. அந்தக் கதவு இரண்டு மாதமாகவே சரியாகச் சாத்திக்கொள்வதில்லை. அட்டையை மடித்துச் செருகித்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். பராமரிப்புப் பிரிவுக்கு எழுதியாகிவிட்டது, அவர்கள்தான் தொட வேண்டும் என்பது விதி. பூட்டுக்காரர் மகனுக்குக் கோளாறு எங்கே என்று முதல் நாளே தெரியும். விதி விதிதான் என்று விட்டுவிட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் அப்பா. நண்பகலில், கடையை மூடிவிட்டு!

"அண்ணே, வாங்க வாங்க!" அக்கா எழுந்தார். "உங்க பையன் சொக்கத் தங்கம்ணே."

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பு இற்றுப்போயிருந்தது.

"அடடா, உங்களுக்கும் வந்துடுச்சா? அது தவறுதலா போன வரிண்ணே. மறுப்பை உங்க பையன்தான் அடிச்சிட்டிருக்கான்."

கிழவன் அந்தக் கடிதத்தையே வெறித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று தன் வீட்டு முகவரியா! தன் கையால் ஒட்டியதா! ஒரு வாரமாகவே அப்பா வீட்டில் பேச்சைக் குறைத்திருந்தார். கடையில் வேலை அதிகம் என்றல்லவா நினைத்திருந்தான்.

அப்பா அக்காவைப் பார்க்கவில்லை. "நேரமாகி வர்றவங்களுக்குத் தட்டைக் கவிழ்த்து வைக்கிறது நம்ம வீட்டுலதான். தெருவுல நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். மூடி வைக்கிறாங்க, அடுப்பிலேயே விட்டுடறாங்க. ஒருத்தரும் கவிழ்க்கலை."

பூட்டைப் பிரித்துப் பார்க்கிறவர் மாதிரியே பேசினார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தவறுதலா போச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலை இருக்கும், வீடு இருக்கும், எல்லாம் இருந்தபடி இருக்கும். ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே! அவனிடம் அது மிச்சமில்லை.

"இல்லப்பா. தெரிஞ்சேதான் எழுதினேன்."

"யாருக்காக?"

"எனக்காக."

உள்ளறையில் தொலைபேசி அடித்தது. அக்கா எழவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

அப்பா பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ம்."

அப்பா நகத்துக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார். "எனக்கு இது பிடிக்கலைடா. நாளைக்கும் பிடிக்காது. அந்தச் சட்டம் வேண்டாம்னு ஐயாவுக்கு இன்னொரு லெட்டர் போடத்தான் போறேன்."

"போடுங்கப்பா. பதினேழாம் பத்தியில பதில் வரும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்பாவின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பா, வலியா? பெற்ற மகனுக்கே தெரியவில்லை.

"ஆனா தட்டு வேற சங்கதி" என்று எழுந்தார். "அந்த ரெண்டாவது லெட்டர் எனக்கு வேண்டாம்மா. என் பேரை அடிச்சிருங்க."

"அண்ணே, பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் போயாகணும்..."

"எட்டு வருஷமா பதில் வருது. இதை ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். இதைப் போய் இல்லைன்னு சொல்லி ஒரு தாளா? வேண்டாம்."

அக்கா பென்சிலை எடுத்தார். பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். பிறகு மறுப்பை இழுத்து, 'தவறுதலாக' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டு, 'உறுப்பினரின் கருத்து அல்ல' என்று எழுதினார்.

"அதை எடுத்துட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது தம்பி."

கோப்பின் மேலிருந்த பரிந்துரைக் கடிதத்தை உருவி, மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "நீ சொன்னதை நான் ஐயாகிட்ட சொல்ல மாட்டேன். இதைப் பத்தி நீயும் என்கிட்ட கேக்காதே."

அவன் தலையசைத்தான். கோபம்கூட வரவில்லை. ரொம்ப நேரம் சுமந்ததை எங்கோ இறக்கி வைத்துவிட்டு, கை இன்னும் வலிப்பது போலிருந்தது.

வாசலில் அப்பா நின்றுவிட்டார். கதவை ஆட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா."

"பார்த்துட்டு சும்மாவா இருந்தே?"

"பராமரிப்புப் பிரிவுதான் தொடணும்பா."

"நல்லா இருக்குடா உங்க சட்டம்." பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மேல் கீலில் இரண்டு திருகாணியை முடுக்கினார். செருகியிருந்த அட்டையை உருவி மகன் கையில் கொடுத்தார். "எட்டு மணிக்கு மேல ஆகுமா?"

"ஆகும்பா. முந்நூத்திப் பதினொண்ணு அடிக்கணும்."

"சரி. கவிழ்த்து வைக்கிறேன்."

அப்பா வெளியே போய்க் கதவை இழுத்தார். இரண்டு மாதத்தில் முதல் முறையாக அது உரசாமல், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.