மருந்துக்கடை அம்மாவின் கப்பலும் டப்பாவும்

மருந்துக்கடை அம்மாவிடம் இரண்டு கார்கள். பெரியது, கணவர் ஆசைப்பட்டு வாங்கிப்போட்ட அந்தக் காலத்துச் சொகுசு வண்டி. தெருவே அதைக் கப்பல் என்றது. சின்னது, கணவர் போன பிறகு மகள் வாங்கித் தந்த புது வண்டி. அதற்கு அம்மா வைத்த பெயர் டப்பா.

கப்பலைத் திருப்பினால் தெருவே ஒதுங்கவேண்டும். பெட்ரோல் குடிப்பதில் அது மொடாக்குடியன். டப்பாவோ சந்துபொந்தெல்லாம் நுழையும், பின்னால் வருகிற பூனையைக்கூடத் திரையில் காட்டிக்கொடுக்கும். எப்படிப் பார்த்தாலும் டப்பாதான் கெட்டிக்காரி, அதை அம்மாவும் மறுக்கவில்லை.

ஆனால் கப்பலின் முன்னிருக்கை சோபாவைப் போல ஒரே நீட்டு. வழவழவென்று தோல், பெல்ட் கிடையாது. வளைவு வந்தால் அம்மா வழுக்கிக்கொண்டே போய்க் கணவரின் தோளில் மோதுவார். "ஒழுங்கா உக்கார மாட்டியா?" என்று அலுத்துக்கொள்வார் அந்த மனிதர். நேர்வழி இருக்க, வளைந்து வளைந்து போகும் ஆற்றோரச் சாலையில் தினமும் வண்டியை விட்டவரும் அவரேதான். சரியான கள்ளன்!

"ஷெட்ல சும்மாதானேம்மா நிக்குது? ஒரு பல் டாக்டர் கேக்குறாரு. குடுத்துடும்மா" என்றாள் மகள், போனில்.

கணவர்தான் இல்லை, அந்த இருக்கையாவது இருக்கிறதே என்றுதான் அம்மா இதுவரை நாட்களை ஓட்டினார். அதுவும் போய்விட்டால்?

பல் டாக்டர் வந்தார், சாதுவான மனிதர். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமாம்மா?" என்றார். அம்மா பழக்கதோஷத்தில் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரும் பார்த்து ஆற்றோரச் சாலைக்கே வண்டியை விட்டார். முதல் வளைவிலேயே அம்மா வழுக்கிப்போய் அந்நிய ஆணின் தோளில் மோதினார்.

"பரவால்லம்மா" என்றார் டாக்டர், மரியாதையாக.

அம்மாவுக்கு உடம்பே கூசிப்போயிற்று. மிச்ச தூரமெல்லாம் கதவுப் பிடியை விடவே இல்லை. இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த இருக்கை, யார் ஓட்டினாலும் அவர்மேல் தள்ளிவிடுகிற இருக்கைதானா? இறங்கியதும், "எடுத்துட்டுப் போங்க" என்றார். பேரம்கூடப் பேசவில்லை.

மறுநாள் கடை மூடியபின், திருப்பி அனுப்பவேண்டிய மருந்துப்பெட்டியை டப்பாவின் பக்கத்து இருக்கையில் வைத்தார். வண்டி உடனே கத்த ஆரம்பித்தது. அந்த இருக்கையில் கனமாக எதை வைத்தாலும் ஆள் என்று நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்லும் வண்டி அது. மற்ற நாளாக இருந்தால் திட்டிக்கொண்டே பெட்டியைப் பின்னால் வைத்திருப்பார்.

இன்று வைக்கவில்லை. கத்தட்டும் என்று விட்டுவிட்டு, ஆற்றோரச் சாலையில் திருப்பினார்.

வளைவில் பெட்டி மெல்ல வழுக்கி அவர் பக்கமாக வந்தது. நடுவிலிருந்த கியரில் இடித்து நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன்" என்றார் அம்மா.

அடுத்த வளைவைக் கொஞ்சம் வேகமாகவே ஒடித்தார். பெட்டி அங்கேயேதான் நின்றது.