என் தையல் மோட்டாரும் தங்கையின் குருத்தெலும்பும்

என் தங்கைக்கு எங்கள் தெருவில் "முட்டி டாக்டர்" என்று பெயர். வாசலில் நிறுத்தி, காலை மடக்கிக் காட்டி மாத்திரை கேட்பார்கள். அவள் மாத்திரை எழுதும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிக்காரி. வயதானால் முட்டியில் குருத்தெலும்பு ஏன் தேய்கிறது, அதை மறுபடி வளரவைக்க முடியுமா என்று பன்னிரண்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறாள்.

நான் தையல்காரி. அவள் ஆராய்ச்சியால் எனக்குக் கிடைத்த பலன், என் மெஷின் மோட்டார் பறிபோனதுதான்.

"கிழட்டு செல்லு சாகலக்கா, சோம்பேறி ஆயிடுச்சு. நடக்கும்போது முட்டி அழுந்துற மாதிரி அழுத்தி அழுத்தி விட்டா திரும்ப வேலை செய்யும்" என்றாள். அழுத்துகிற கருவியை என் மோட்டாரை வைத்துத் தானே செய்துகொண்டாள். நான் காலால் மிதித்துத் தைத்தேன். என் முட்டிக்கும் ஐம்பத்திரண்டு வயதாகிறது. சட்டைக்கு ஒரு தடவை அவளைத் திட்டினேன்.

எழுபத்தொரு வயது அம்மாள் ஒருவருக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்தபோது வெட்டிப்போட்ட துணுக்கிலிருந்து செல்களை எடுத்து, ஜெல்லி மாதிரியான பொத்தான் அளவு கூழ் வில்லைகளில் வைத்தாள். பாதியை மோட்டார் அழுத்தும், பாதி சும்மா இருக்கும். மூன்று வாரம் கழித்துச் சாயம் போட்டால், புதிதாகக் குருத்தெலும்பு வளர்ந்த இடம் சிவக்கும். அழுத்தியவை மட்டும் சிவந்தால் அவள் சொன்னது சரி. இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

சாயம் போட்ட அன்று மதியமே வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

"போச்சுக்கா. எல்லாமே சிவந்துடுச்சு."

"சிவந்தா நல்லதுதானடி?"

"சும்மா கிடந்ததும் சிவந்திருக்கே! அப்ப அழுத்தினதாலதான்னு எப்படிச் சொல்றது? நாளைக்கே மூடணுமாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கால் பட்ட பாடெல்லாம் வீணா?

"அப்ப என் மோட்டாரைக் கொண்டா. அதுவும் ஒரு சனியன். ஓடினா மேஜையே கிடுகிடுங்கும், குண்டூசி டப்பா தானா நகர்ந்து போய்க் கீழ விழும்."

அவள் நிமிர்ந்தாள். "மேஜை முழுக்கவா ஆடும்?"

"பின்ன? ஏன், நீ எல்லாத்தையும் ஒரே தட்டுலயா வச்சே?"

"ஐயோ, அக்கா!" என்று அலறினாள். சும்மா கிடந்த வில்லைகள் சும்மா கிடக்கவே இல்லை, மூன்று வாரமும் மோட்டாரோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கி அழுந்தியிருக்கின்றன! ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் என் செருப்பு, அப்படியே ஓடினாள்.

துறைத்தலைவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் மூன்று வாரம் கொடுத்தார். இந்தத் தடவை சும்மா இருக்க வேண்டியவை வேறு பெட்டிக்குப் போயின. நானும் மிதித்தேன். திட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு காலையில் போன் வந்தது. பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும்தான். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வில்லைகளைச் சீவி ஒட்டிய இரண்டு கண்ணாடித் துண்டுகளை நீட்டினாள். சும்மா இருந்தது வெளிறிக் கிடந்தது, அழுத்தியது செக்கச்செவேலென்று இருந்தது.

"எழுபத்தொரு வயசு செல்லுக்கா! எழுபத்தொண்ணு!"

குதித்தாள். நானும் குதித்தேன். என் முட்டி கடக்கென்றது.

"எனக்கு எப்ப வரும் இது?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "பத்து வருஷம் ஆகும்கா. வராமலும் போகலாம்."

"மோட்டார்?"

"இன்னும் நிறையப் பேரோட செல்லை வச்சுப் பார்க்கணும்..." என்று இழுத்தாள்.

"வச்சுத் தொலை. பத்து வருஷம் கழிச்சு முதல் ஆளா வந்து நிப்பேன், ஆமா."

அவள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கீழே உட்கார்ந்து, என் காலை மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். முட்டி டாக்டர் ஒரு முட்டிக்கு வைத்தியம் பார்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.