பத்திரிகைக்காரியைப் பார்க்க வந்த அக்கா

ராஜபாளையத்தில் எங்கள் காம்பவுண்டின் கடைசி அறையில் ஸ்பின்னிங் மில்லில் வேலைபார்த்த ஓர் அக்கா தனியாகக் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, முடியில் எப்போதும் பஞ்சுத் தூசி. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், பறக்கும் வீரன் வரும் இந்தித் தொடரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். இந்தி யாருக்கும் தெரியாது. வீரனைக் கண்டதும் நாங்கள் கைதட்டுவோம். அவரோ அதில் வந்த பத்திரிகைக்காரப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சொன்னார்: "மொதல்ல இவளே திருடன வெரட்டிப் பிடிச்சா. இப்ப அவன் வருவான்னு அழுதுக்கிட்டு நிக்கா. இவள ஏன் இப்படி ஆக்கிட்டாக?"

"ஏக்கா, பொம்பள சண்டை போட்டா யாரு பாப்பாக?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் பாப்பேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கூப்பிடப் போனேன். தரையில் உட்கார்ந்து சேலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்.

"என் மேல கோவமாக்கா?"

"உன் மேல என்ன கோவம் தாயி? அந்தப் பத்திரிகைக்காரிக்கு எதுவும் வேல குடுத்தாகன்னா வந்து சொல்லு. வாரேன்."

அன்றிலிருந்து நானும் அந்தப் பெண்ணையே கவனித்தேன். தொடர் முடியும்வரை, அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.