ராடார் பார்த்த மழையும் ஒச்சம்மாளின் கடலையும்

எழுமலைக்கு நான் முதன்முதலில் போனது ஊர் பார்க்க அல்ல, சண்டை போட. எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். மழை மேகங்களை ஆராயும் ராடார் வேன் ஒன்றில் என் மச்சினன் சேகர் மெக்கானிக்காக இருந்தான். எழுமலைக்கு வெளியே ஒரு புஞ்சையில் முகாம். ஊர்க்காரர்கள் வேனுக்குக் குறுக்கே மாட்டு வண்டியை நிறுத்தி மறித்துவிட்டதாகத் தபால் நிலையத்திலிருந்து போன் செய்தான். ராடார் மழையை விரட்டுகிறது என்று நினைத்திருப்பார்கள், விவரம் தெரியாத சனம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர். காலை 7.10 பஸ், மூன்றே முக்கால் ரூபாய், 8.40க்கு இறங்கினேன். (மாட்டுத்தாவணி நிலையமெல்லாம் அப்போது கிடையாது. ஊர் நடுவில்தான் ஏற வேண்டும்.) எழுமலை பஸ் எப்போது கிளம்பும் என்று டிரைவரிடம் கேட்டேன். "ஆளு சேரட்டும்ணே" என்றார். ஆள் சேர ஒன்றேகால் மணி நேரம். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தவனுக்கு இது வேறு. 10.35க்கு எழுமலை, அங்கிருந்து வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடை.

வேனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். சேகரின் மச்சான் என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கியபடியே பாடத்தை ஆரம்பித்தேன். கிணற்றுக்குள் கத்தினால் சத்தம் திரும்பி வருகிறதல்லவா? அதேபோல் வேன் மேலிருக்கும் தட்டு ரேடியோ அலையை அனுப்புகிறது, அது மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் தெரியும், தட்டு பார்க்கும் பக்கத்தை வைத்துத் திசை தெரியும். பலமாகத் திரும்பினால் கனத்த மழை. கப்பலையும் விமானத்தையும் இருட்டில் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். இது மழையைப் பார்க்கும், விரட்டாது என்று முடித்தேன்.

"வெரட்டுதுன்னு யாரு சார் சொன்னா?" என்றாள் ஒச்சம்மாள். பக்கத்துப் புஞ்சைக்காரி, வண்டியும் அவளுடையது. "இம்புட்டையும் ஒங்க மச்சினரே டீக்கடையில சொல்லிட்டாரு. நாலு நாளைக்கு முந்தி, மதியம் ரெண்டு மணிக்கே மேற்க மழை இருக்குன்னு இந்தப் பொட்டியில தெரிஞ்சிருக்கு. நாலு மணிக்கு எங் களத்துல கொட்டுச்சு. அன்னைக்குக் காயப்போட்ட கடலை அம்புட்டும் முளைச்சுப் போச்சு. தெரிஞ்ச மனுசன் ஏன் சார் வாயத் தொறக்கல?"

சேகரைப் பார்த்தேன். "வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு மேலதிகாரி உத்தரவு மச்சான். இது ஆராய்ச்சி மட்டுந்தான்."

என் கோபம் அப்படியே அவன் மேல் திரும்பியது. "அறுபது மைலுக்கு அங்கிட்டு இருக்குறது தெரியுது, அறுபதடியில காயுற கடலை தெரியலையாடா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். கிணற்றுப் பாடம் நடத்திய வெட்கமும் அந்தக் கத்தலில் இருந்தது.

"பெறகு பறிச்ச மிச்சக் கடலை இப்பக் காயுது. மழை வந்தாச் சொல்லுவேன்னு சொல்லட்டும், வண்டிய எடுக்குறேன்" என்றாள் ஒச்சம்மாள். சேகர் தலையைக் குனிந்துகொண்டு வேனுக்குள் போய்விட்டான். அவன் மேலதிகாரியைத் திட்டியபடி நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

2.20க்கு வெளியே வந்தான். என்னைத் தாண்டிக்கொண்டு வரப்பில் ஓடினான்.

"அக்கா, அள்ளுங்க! மேற்க வருது!"

தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது. ஆனாலும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. நானும் சாக்குப் பிடித்தேன். 3.50க்கு மழை இறங்கியபோது களத்தில் ஒரு கடலைகூட இல்லை. ஒச்சம்மாள் நனைந்துகொண்டே வண்டியை ஓரம் கட்டினாள்.

இப்போது எழுமலைப் பக்கம் போகிறவர்கள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறலாம். ஐப்பசியில் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். ராடார் படம் இன்று கைபேசியிலேயே வருகிறது. மேற்கே மழை தெரிந்து, வழியில் ஏதாவது களத்தில் காய்ந்துகொண்டிருந்தால் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அனுமதியில்லாமல் தகவல் சொன்னதற்காகச் சேகரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரு வருட இன்க்ரிமென்ட்டை நிறுத்தினார்கள். முதல் மழையில் நனைந்து முளைத்த கடலைக்கு மட்டும் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை.