நாலாவது கிரகத்தின் பாட்டு

"இப்ப முதல் கிரகம். டக் டக் டக்குனு கதவைத் தட்டுற மாதிரி சத்தம் வரும். தட்டிட்டுப் போகட்டும், நீங்க எழுந்து திறக்க வேண்டாம்."

மைக்கில் இதைச் சொல்லிவிட்டு ஸ்கேன் அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ இயந்திரத்தின் குழாய்க்குள் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். அதில் ஒன்று நடுங்குகிறது. இயந்திரம் தட்ட ஆரம்பிக்கிறது. அக்கா சொன்ன அதே தட்டு, அதே வேகம். இரண்டு நிமிடத்தில் கால் அடங்கிவிடுகிறது. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும் என்பது அக்காவின் கட்சி.

பத்தொன்பது வருடமாக இந்தக் குளிர் அறைதான் அவள் உலகம். காந்தம் இழுக்கும் என்று தோடு, வளையல், ஊக்கு எதுவும் போடுவதில்லை. விசேஷ வீடுகளுக்கும் அப்படியே போய் நிற்பாள். யாராவது கேட்டால்தான் தன் காது காலியாக இருப்பதே நினைவுக்கு வரும். முடியைத் துணி நாடாவால் கட்டியிருப்பாள். சாம்பல் நிற ஸ்வெட்டரில் மூன்று பொத்தான்கள் மூன்று நிறத்தில் இருக்கும், மூன்றும் பிளாஸ்டிக். கைக்கடிகாரம் மேஜை டிராயருக்குள் கிடக்கும். வெளியே காத்திருப்பவர்கள் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "இன்னும் ரெண்டு கிரகம்தான், உக்காருங்க" என்பாள். அவர்களும் ஏதோ புரிந்த மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. முதலாவது கதவு தட்டல். இரண்டாவது சுவரில் துளை போடுகிற மாதிரி ஒரு கர்ர்ர். மூன்றாவது, சைரன் ஒன்று விக்கல் எடுப்பதுபோல் விட்டுவிட்டு அலறும். எல்லாவற்றையும் அக்கா முதலில் வாயால் செய்து காட்டிவிடுவாள். ஒரு காவல்துறை அதிகாரி, மீசையெல்லாம் பயங்கரமாக இருந்தவர், குழாயைப் பார்த்ததும் வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா மூன்று சத்தங்களையும் செய்து காட்டிய பிறகு சிரித்துக்கொண்டே படுத்தார். படம் பிசிறில்லாமல் வந்தது.

சிக்கலே நாலாவதற்கு முன்னால்தான். இயந்திரம் தன்னைத் தயார் செய்துகொள்ள ஒரு நிமிடம் சும்மா இருக்கும். சிக், சிக் என்று அதன் குளிர்ப் பம்பு மட்டும் மூச்சு விடும். சத்தத்துக்குப் பயப்படாதவர்கள் அந்த அமைதிக்குப் பயப்படுவார்கள். எல்லோரும் தங்களை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று தோன்றுமாம். அந்த ஒரு நிமிடத்துக்கு அக்கா மைக்கில் ஒரு மெட்டை முனகுவாள். வெளியே வந்தவர்கள் அது எந்தப் படத்துப் பாட்டு என்று விசாரிப்பார்கள்.

"படம் இல்லீங்க. பழைய கம்ப்யூட்டர் கேம். விண்வெளிக் கப்பல் ஓட்டுறது."

"கேமுக்கா இவ்வளவு நல்ல பாட்டு?"

"அதைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்" என்பாள் அக்கா.

கதை இதுதான். அக்காவுக்குப் பத்து வயதிருக்கும்போது, மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊரெல்லாம் குழந்தைகள் பைத்தியமாக ஆடிக்கொண்டிருந்த அந்த விண்வெளி விளையாட்டு அதில் ஓடியது. மொத்தம் நாலு கிரகம். ஒன்றுதான் குறை: அந்தக் கம்ப்யூட்டரில் சத்தம் வராது. போட்டதும் ஒரு பீப், அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

மூன்று வயது மூத்த அண்ணன் ஸ்பீக்கர் ஆனான். வகுப்புத் தோழன் வீட்டில் அதே விளையாட்டு முழு இசையோடு இருந்தது. சனிக்கிழமை அங்கே போய் மணிக்கணக்கில் நிற்பான். விளையாடக் கேட்கமாட்டான், கேட்பதற்கு மட்டும் நிற்பான். வீட்டுக்கு ஓடிவந்து தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலி டப்பாவை மடியில் கவிழ்த்துத் தாளம் தட்டியபடி மொத்த இசையையும் வாயால் கொடுப்பான். கப்பல் வெடித்தால் வெடிப்பான். எரிபொருள் தீர்ந்தால் இருமுவான். அவன் வலது காதைத் திருகினால் சத்தம் கூடும், இடது காதைத் திருகினால் குறையும். "அந்தச் சனியனோட சத்தத்தைக் குறைங்க" என்று அப்பா அடுத்த அறையிலிருந்து கத்துவார். சத்தமே வராத கம்ப்யூட்டர் என்பது அவருக்கு நெடுநாள் தெரியாது. தங்கை அண்ணனின் இடது காதைத் திருகுவாள். அவன் அவளை 'பைலட்டு' என்று கூப்பிட்டான். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

தோழன் வீட்டில் யாராலும் மூன்றாவது கிரகத்தைத் தாண்ட முடியவில்லை. தாண்டியது அக்கா. ஒரு மத்தியான வேளையில் கப்பல் கருமையான வானத்துக்குள் நுழைந்தது. கீழே பனி மூடிய ஒரு கிரகம், நாலைந்து நட்சத்திரங்கள், வேறு ஒன்றும் இல்லை. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான். ஒரே ஒரு மூச்சு இழுத்தான். பாட ஆரம்பித்தான்.

டப்பாவைத் தொடவே இல்லை. மெதுவாகத் தொடங்கி, ஓரிடத்தில் திரும்பி, எங்கேயோ வெகுதூரம் போய் வந்த பாட்டு அது. அன்றிலிருந்து அவள் ஜெயிப்பதற்காக விளையாடவில்லை. நாலாவது கிரகத்துக்கு வந்ததும் கப்பலை அப்படியே மிதக்க விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். எரிபொருள் தீர்ந்து, அண்ணன் இருமும்வரை.

பிறகு கம்ப்யூட்டர் பழுதாகி, படிப்பு, வேலை, கல்யாணம் என்று எல்லாம் வரிசையாக நடந்தன. ஆறு வருடம் முன்பு ஒரு மாலை, பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, அந்த விளையாட்டின் இசை முழுவதையும் யாரோ இணையத்தில் ஏற்றியிருப்பதைப் பார்த்தாள். காதில் மாட்டிக்கொண்டாள். முதல் கிரகம் அப்படியே இருந்தது, டப்பாத் தாளம் உட்பட. இரண்டாவதில் மட்டும் ஒரு 'டிங்' காணோம். அண்ணன் அந்த இடத்தில் தவறாமல் டிங் என்பான். மூன்றாவதும் அச்சு அசல். நாலாவதில் ஒன்றுமே கேட்கவில்லை. போனைத் தட்டினாள், ஒலியைக் கூட்டினாள். பிறகு யாரோ விளையாடிப் பதிவு செய்திருந்த காணொளியைத் தேடி எடுத்தாள். கப்பல் கருமைக்குள் நுழைந்தது, பனிக் கிரகம் வந்தது, சத்தம் இல்லை. இசையமைத்தவர்கள் அந்தக் கிரகத்துக்கு மௌனத்தையே வைத்திருந்தார்கள். அடடா, என்ன மௌனம் என்று கீழே ஆயிரம் பேர் உருகி எழுதியிருந்தார்கள். அக்கா இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது.

அப்படியானால் அந்தப் பாட்டு யாருடையது? பதின்மூன்று வயதுப் பையன், சங்கீதம் என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தராதவன், தங்கை திரும்பிப் பார்த்த பார்வைக்கு இல்லை என்று சொல்ல மனம் வராமல், ஒரு மூச்சு நேரத்தில் ஒரு கிரகத்துக்குப் பாட்டுப் போட்டிருக்கிறான். இதை நினைக்கும்போதெல்லாம் அக்காவுக்கு உடம்பு சிலிர்க்கும். கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய இயந்திரத்தோடு தினமும் இருக்கிறாள். அதைப் பார்த்து அவள் ஒருநாளும் இப்படி வாயடைத்துப் போனதில்லை.

அன்றே அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். அண்ணன் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சிக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கின் மேல் கால் வைத்தபடி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவன். எஞ்சின் எப்போது திணறும், எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை வாயாலேயே உறுமிக் காட்டுவான். அவனிடம் கற்றவர்கள் கியர் கம்பியைக் குனிந்து பார்ப்பதில்லை.

"அண்ணா, ரெண்டாவதுல டிங்னு ஒண்ணு பாடுவியே, அது கேம்ல இல்லையே?"

"அது அவங்க வீட்டுக் காலிங் பெல்லுடி. அதே இடத்துல தினமும் யாராவது வந்து அடிப்பாங்க. நான் என்னத்தைக் கண்டேன்?"

"நாலாவதுக்குப் பாட்டே இல்லை."

அந்தப் பக்கம் "கிளட்ச்சை மெதுவா விடுங்க சார்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். நேரில் கேட்டால் அண்ணனுக்குக் காது சிவந்துவிடும். "வாய்க்கு வந்ததைப் பாடியிருப்பேன். அதையெல்லாம் எவன் ஞாபகம் வச்சிருப்பான்? போய் வேலையைப் பாருடி." அவளுக்கோ முழுதாக நினைவில்லை. தொடக்கம் தெரியும். பாட்டு திரும்புகிற அந்த இடத்தில் ஏறுமா, இறங்குமா என்பதில் எப்போதும் தடுமாற்றம். ஏறும் என்று வைத்துக்கொண்டு முனகுவாள். முனகி முடித்ததும், இது அது இல்லை என்று மனசு சொல்லும்.

இந்த வருடம் அண்ணனுக்குக் குரல் கம்மியது. ஊர்ப்பட்ட எஞ்சின் சத்தமெல்லாம் தொண்டையிலிருந்து எடுத்தால் கம்மாமல் என்ன செய்யும் என்று மூன்று மாதம் சும்மா இருந்தான். பிறகுதான் கட்டி என்று தெரிந்தது. "உயிருக்கு ஒண்ணும் இல்லைம்மா. எடுத்துடலாம். குரல் எப்படி வரும்னு மட்டும் இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எப்போது வேலைக்குப் போகலாம் என்று அண்ணி கேட்டாள். அக்கா எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அந்தப் பாட்டு இருக்கிற ஒரே இடம் அந்தத் தொண்டைதான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை கழுத்து ஸ்கேன். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். அண்ணன் பச்சை அங்கியில், கழுத்தைச் சுற்றிப் படமெடுக்கும் கூண்டு மாட்டிப் படுத்திருந்தான். அவனுடைய வலது கால் பழக்கதோஷத்தில் காற்றை மிதித்துக்கொண்டிருந்தது.

"இந்த வண்டியில எனக்கு பிரேக் எங்கடி இருக்கு?" குரல் மணலில் இழுபடுவதுபோல் இருந்தது.

கூப்பிடுவதற்கான ரப்பர் பந்தை அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள். "இதுதான் பிரேக். சும்மா சும்மா அமுக்காத. பேசாத, எச்சில் முழுங்காத. ஆடுனா திரும்பவும் மொதல்லேருந்து ஓட்டணும்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் கிரகம் நல்லபடியாகப் போனது. இரண்டாவது முடிந்ததும் மைக்கைத் திறந்து, "டிங்" என்றாள். கண்ணாடிக்கு அப்பால் கால் விரல்கள் பத்தும் ஆடின. "சிரிக்காத. அடுத்தது வருது." மூன்றாவதும் அலறி ஓய்ந்தது. இயந்திரம் அடங்கியது. சிக், சிக்.

எத்தனையோ ஆயிரம் பேருக்கு முனகிய மெட்டு. பொத்தானை அழுத்திக்கொண்டு முனகினாள். மெதுவாகத் தொடங்கினாள், அந்தத் திருப்பம் வந்தது, வழக்கம்போல் ஏறினாள்.

மேஜையில் அலாரம் அடித்தது. சிவப்பு விளக்கு மின்னியது. அண்ணன் பிரேக்கைப் போட்டிருந்தான். அக்கா மைக்கிடம் குனிந்தாள்.

"என்னண்ணா? மூச்சு முட்டுதா? வெளியில எடுத்துடவா?"

விரலை எடுத்தாள். மேஜை ஸ்பீக்கரில் முதலில் ஒரு செருமல் வந்தது.

"தப்பான ரோட்டுல போறடி, பைலட்டு. அங்க ஏறக் கூடாது. இறங்கணும். இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நிக்கணும். அப்புறந்தான் மேல."

இருக்கிற குரலை ஒட்டவைத்துக்கொண்டு, குழாய்க்குள்ளிருந்து அண்ணன் மெல்ல ஆரம்பித்தான்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் முடியலையாக்கா? வெளியில ரெண்டு பேர் இருக்காங்க."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கருக்குக் கீழே இருந்த வட்டக் குமிழை இரண்டு விரலால் பிடித்து, வலப்பக்கமாக, அது நிற்கிற வரைக்கும் திருகினாள்.